கோடுபோட்டான் வீட்டுச் சம்பந்தம்

சுட்டுவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடமிருந்து வலமாகக் காற்றில் ஒரு கோடு இழுக்க வேண்டும். இழுத்த விரலை உடனே நக்கிக் காட்ட வேண்டும். நக்கும்போது சத்தம் வந்தால் இன்னும் விசேஷம். கண்டியிலிருந்து கம்பளை வரைக்கும் கடைத்தெருவில் நிற்கிற எவருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஊரே பட்டினி கிடந்தாலும் தன் வயிறு நிறைந்தால் போதும் என்றிருக்கிற பிறவி நீ என்று அர்த்தம். கை ஓய்வாக இல்லாதவர்கள் வாயால் சொல்வார்கள்: "போ, கோடு போட்டுத் தின்னு!" பஸ்ஸில் தள்ளி உட்கார மறுப்பவனுக்கும், சுருட்டுக்கு நெருப்புத் தராதவனுக்கும், தம்பிக்குக் காணியில் பங்கு கொடுக்காத அண்ணனுக்கும் அதே விரல், அதே நாக்கு.

பிலிமத்தலாவை ஹபீலுக்கு அந்த விரலைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும். அவன் பிறவியிலேயே அருவருப்புக்காரன். தேத்தண்ணிக் கடையில் கோப்பையை இடது கையால் பிடித்து, மற்றவர்கள் வாய்வைக்காத பக்கமாகப் பார்த்துக் குடிப்பான். யாராவது பக்கத்தில் காறினால் அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடையாது. இது போதாதென்று, அந்தக் கோட்டை உலகத்தில் முதன்முதலாகப் போட்டவர் அவனுடைய பாட்டன், மூத்தாப்பா மஹ்மூத்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுக்கே கோடுபோட்டான் வீடு என்றுதான் பெயர்.

கதை இதுதான். கல்யாணமென்றாலும் கந்தூரி விருந்தென்றாலும் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் சகனில்தான் சாப்பிடுவார்கள். அகன்ற தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, இறைச்சியும் ஈரலும் கோழியும் மேலே வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்து உண்பார்கள். அதில் பரக்கத், இறைவனின் அருள், உண்டு. தன் முன்னால் உள்ளதை எடுத்து உண்பதும், நல்ல துண்டு அகப்பட்டால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதும் மரியாதை. முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் கம்பளையில் ஒரு கல்யாண விருந்தில், நடுவிலிருந்த ஈரல் தன் பக்கம் சரிந்ததும் மஹ்மூத் சோற்றில் சுட்டுவிரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இதுக்கு இங்கால எவனும் கைவைக்கப்படாது" என்று சொல்லி, விரலை நக்கிவிட்டு, ஈரல் முழுவதையும் ஒருவராகவே தின்று தீர்த்தாராம்.

கடுகண்ணாவையில் கேட்டால் ஈரல் இல்லை, ஆட்டுத்தலை என்பார்கள். கட்டுகலையில் ஒரு நாவிதர், விரலால் இல்லை, கால் பெருவிரலால் என்று சத்தியம் செய்தார். இப்படி அந்தக் கோடு போகிற இடமெல்லாம் புதுப்புது அசிங்கம் பூசிக்கொண்டு திரும்பி வரும்.

ஹபீல் கண்டி திருகோணமலை வீதியில் ஒரு பீங்கான் கடையில் வேலை பார்த்தான். பெட்டியை உடைத்து, வைக்கோலுக்குள்ளிருந்து வெள்ளைப் பீங்கான்களை ஒவ்வொன்றாக எடுக்கிற வேலை அவனுக்குப் பிரியம். இதுவரைக்கும் ஒரு வாயும் படாதவை அவை. வியாபாரம் இல்லாத நேரத்தில் மதராசிலிருந்து வருகிற மொழிபெயர்ப்பு நாவல்களை வாசிப்பான். பனி கொட்டுகிற நாடுகளில் சீமான்கள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து விருந்துண்பார்கள். அதில் வருகிற காதலோ கண்ணீரோ அவனை அவ்வளவு மயக்கவில்லை. ஆளுக்கொரு பீங்கான், ஆளுக்கொரு கரண்டி என்று வருகிற வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தபடி இருப்பான்.

அந்தக் கடைக்கு ஸ்டேசனிலிருந்து பெட்டி ஏற்றி வருகிற வண்டிக்காரர் மூக்கையா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஒருநாள் பெட்டியை இறக்கிவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"கோடு போட்டவன் கத தெரியுங்களா தம்பி? ஒரு மொதலாளி இருந்தானாம். கருமாதிச் சோத்துல கைத்தடியால கோடு இழுத்துட்டு, இந்தப் பக்கம் செத்தவனுக்கு, அந்தப் பக்கம் பூரா எனக்குன்னானாம். தின்னு தின்னு வயிறு வெடிச்சே போயிட்டானாம். வெடிச்ச எடத்துலருந்து புழுவா வந்துச்சாம். அந்தப் புழுவும் ரெண்டு வரிசையா, நடுவுல கோடு விட்டுட்டுல்ல ஊந்து போச்சாம்!"

"எந்த ஊர் முதலாளி?"

"பிலிமத்தலாவைங்க. பேரு மம்முதோ என்னமோ. நல்லா இருக்குல்ல கத?"

ஹபீல் கையிலிருந்த பீங்கானைத் திரும்ப வைக்கோலுக்குள் வைத்தான். நடுவில் கோடு விட்டு ஊர்கிற புழுக்கள் இரண்டு நாள் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

உண்மை என்னவென்று தாய் ஆஸியா உம்மாவிடம் கேட்டால் அவளுக்கும் தெரியாது. "ஒங்கட மூத்தாப்பா அதப் பத்தி வாய் தொறந்ததே இல்ல மகன். ஒரே ஒரு தரம் ஒங்கட வாப்பா கேட்டதுக்கு, 'சோறு திண்டுற மனிசருக்குச் சொல்லுற கதை இல்ல அது' எண்டு எழும்பிப் போயிட்டாரு" என்பாள். மூத்தாப்பா மௌத்தாகி இருபது வருஷம். வாப்பாவும் போய்விட்டார்.

இந்தக் கோடு ஹபீலின் வயிற்றோடு நின்றிருந்தால் அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். அது தங்கை றமீலாவின் கழுத்தில் வந்து விழுந்தது. முந்திய வருஷம் கட்டுகலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணைப் பார்த்தார்கள், வட்டலப்பம் தின்றார்கள், சிரித்துப் பேசினார்கள். படியிறங்கும்போது மாப்பிள்ளையின் சாச்சி, கார் ஓட்டி வந்தவனைப் பார்த்து விரலால் கோடு இழுத்து நக்கிக் காட்டினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற றமீலா அதைக் கண்டாள். அந்தச் சம்பந்தத்திலிருந்து பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. எதற்கும் சிரிக்கிற றமீலா அந்த வாரம் முழுக்கச் சிரிக்கவில்லை.

இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, கல்யாணத் தரகர் முஹைதீன் கம்பளையிலிருந்து இன்னொரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சாஹுல் ஹமீது, கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். தகப்பன் இல்லை. தாயின் நானாவான, அதாவது அண்ணனான, ஸெய்னுலாப்தீன்தான் வீட்டுக்குத் தலை.

"மாமாட வாயில இருந்து வாரதுதான் முடிவு" என்றார் முஹைதீன், குடையை மடித்துக்கொண்டே. "கோடுபோட்டான் பேரனா, வரட்டும், சகன்ல வைச்சிப் பாப்பம், கை எங்க போகுது எண்டு கண்டுட்டு முடிவு சொல்லுறன் எண்டு சொல்லியனுப்பினாரு."

உள்ளேயிருந்து றமீலாவின் குரல் வந்தது. "எங்கட நானாட கை எங்கயும் போகாது! சகனக் கண்டாலே கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிடுவாரு."

"வாய மூடு புள்ள" என்றாள் ஆஸியா உம்மா.

முஹைதீன் போனபிறகு றமீலா ஹபீல் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நானா, எனக்காக ஒருநாளைக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தின்னுங்களேன்."

"கண்ண மூடினாலும் மூக்கு ஈக்கே."

"மூக்கால மூச்சு விடாதீங்க."

"வாயில சோறு, மூக்கால மூச்சில்ல. மையத்தா திரும்பி வாரதா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதும் போனா மூணாவது ஒண்டு வரும் எண்டு நீங்க நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். எப்படியும் தின்பது என்று அப்போது ஹபீல் மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் பேராதனைச் சந்தியில் ரயில் மாறி, முஹைதீனும் அவனுமாகக் கம்பளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது வீட்டின் முன்மண்டபத்தில் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, சகன் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை சாஹுல் ஹமீது கெண்டியிலிருந்து எல்லோருக்கும் கையில் தண்ணீர் ஊற்றினான். அகலமான தோள், அதிகம் பேசாத வாய், நகங்களுக்குள் இரும்புத் துருவின் கறுப்பு. ஹபீல் அந்த நகங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைக் கூரைக்குக் கொண்டுபோனான்.

ஆறு பேர் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை, தரகர் முஹைதீன், பக்கத்து வீட்டுக் கிழவர் பெரியதம்பி காக்கா, அவருடைய மருமகன், ஹபீல், அவனுக்கு நேர் எதிரே மாமா ஸெய்னுலாப்தீன்.

அறுபதைத் தாண்டிய உடம்பு. வெற்றிலைச் சாறு இரண்டு கடைவாயிலும் வடிந்து காய்ந்து, தாடியின் ஓரத்தில் துருப்பிடித்த கம்பிபோல் ஒட்டியிருந்தது. வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் நீளமாக ஒரு நகம் வளர்த்திருந்தார். அதன் அடியில் மஞ்சளாக என்னவோ இருந்தது. காதைக் குடைவதற்கென்றே வளர்த்த நகம் என்பது உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. குடைந்தார், பார்த்தார், வேட்டியில் துடைத்தார், பிஸ்மி சொல்லிச் சோற்றில் கையை விட்டார்.

ஹபீல் தன் முன்னாலிருந்த சோற்றில் விரல்நுனியை வைத்தான். சோறு சூடாக, நெய்யும் ஏலமும் மணத்தது. கண்ணை மூடிக்கொண்டால் தின்னக்கூடிய சோறுதான். ஒரு பிடி உள்ளே போயிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்துக்கொண்டான்.

"நெய் நல்லாத்தான் ஈக்கி" என்றார் மாமா, வாய் நிறையச் சோற்றோடு. இரண்டு பருக்கைகள் சகனுக்குத் திரும்பின. "போன வருஷம் ஒரு நெய் வாங்கினேன். டின்ன அரைவாசி திண்டு முடிச்ச பொறகு அடியில பாத்தா ஒரு பெருச்சாளி. மயிரெல்லாம் கழண்டு, வெள்ளையா, புறந்த புள்ள மாதிரி."

முஹைதீனின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"திண்டுங்க, திண்டுங்க! இது புது டின்." மாமாவின் கை நடுவிலிருந்த கோழித் தொடையை எடுத்தது. அதை உறிஞ்சி, உள்ளே கம்பியை விட்டதுபோல் நாக்கால் துழாவி, எலும்பைக் கொண்டுபோய் ஹபீலின் பக்கத்துச் சோற்றின் ஓரத்தில் வைத்தார். எலும்பைச் சுற்றி எச்சில் மினுங்கியது. "எங்கட பக்கத்தூட்டுல ஒருத்தருக்குக் கால்ல புண். அவரு அதக் காலையும் மாலையும் எந்தச் சட்டியில ஊறப்போடுவாரு தெரியுமா? அவருட பொஞ்சாதி பால் காய்ச்சுற சட்டியில."

பெரியதம்பி காக்காவின் மருமகன் கையை மடியில் வைத்துக்கொண்டு போதும் என்றான். முஹைதீன் தண்ணீர் கேட்டார். மாமாவின் கை மட்டும் நிற்கவில்லை. கதை போகப் போக அது முஹைதீனின் பக்கத்துக்குப் போனது, மருமகனின் பக்கத்துக்குப் போனது, ஈரலைக் கிள்ளியது, கோழியைப் பிய்த்தது. ஹபீல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாவல்களில் முற்றுகையிடுகிற படை முன்னேறுவது போல, ஒவ்வொருவர் கை பின்வாங்குகிற இடத்துக்கும் அந்த நீள நகம் முன்னேறிக்கொண்டிருந்தது.

"என்ன மகன், திண்டுறீங்க இல்லையே? எலும்பு தொந்தரவா ஈக்கா?" மாமா கண்ணைச் சிமிட்டினார். "அப்ப கோட்டப் போடுங்களேன். ஒங்கட குடும்ப வழக்கம்தானே!" சொல்லிக்கொண்டே நெய்யும் எச்சிலும் வழிகிற சுட்டுவிரலால் காற்றில் கோடு இழுத்து, சளப்பென்று நக்கினார். நக்கிய விரல் மறுபடி சோற்றுக்குள் போனது.

ஹபீல் றமீலாவை நினைத்தான். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற முகத்தை நினைத்தான். எலும்புக்கு ஓர் அங்குலம் தள்ளியிருந்த சோற்றைப் பிடித்து வாயில் போட்டான். மென்றால் வெளியே வந்துவிடும் என்று தெரிந்ததால் மெல்லாமல் விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது.

"ஆம்புள!" என்று மாமா தொடையைத் தட்டினார். அவருக்கு உற்சாகம் ஏறியது. "இவருட மூத்தாப்பா கோடு போட்ட அண்டைக்கி நானும் அந்த சகன்ல ஈந்தவன்தான் காக்கா! இந்தா, இப்பிடி எதிர்ல. ஈரல் ஒண்டு, இவ்வளவு பெரிசு. அது சரிஞ்சி அவரு பக்கம் போன ஒடன..." ஊரறிந்த கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். சொல்லும்போதே ஈரலின் கடைசித் துண்டு அவர் வாய்க்குள் போனது.

ஹபீல் கேட்டுக்கொண்டிருந்தான். அருவருப்பின் நடுவில், சோறு தின்கிறவர்களுக்குச் சொல்லுகிற கதையில்லை என்று மூத்தாப்பா சொன்னதாக உம்மா சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. பெருச்சாளியும் புண்ணும் காலியாகிக்கொண்டிருக்கிற சகனும் கண்முன்னே இருந்தன. அவன் தலையை நிமிர்த்தினான்.

"மாமா, மூத்தாப்பா கோடு போட முந்தி அந்த சகன்ல என்ன பேச்சு நடந்திச்சி?"

"என்ன பேச்சு? ஒண்டுமில்ல" என்றார் மாமா.

பெரியதம்பி காக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரிப்பில் அவருடைய ஒற்றைப் பல் ஆடியது. "ஒண்டுமில்லயா? அண்டைக்கி நீ சொன்ன ஆத்துப் பொணத்துக் கதைய நான் இன்னம் மறக்கல்ல ஸெய்னுலாப்தீன். மகாவலில ஏழு நாள் ஊறின பொணம், கண்ணுக்குள்ள எறால்! ஆறு பேருல நாலு பேர் கைய எடுத்துட்டோம். நானும் ஒருத்தன். இவருட கை மட்டும் நிக்கல்ல மகன், இப்ப போற மாதிரித்தான். அப்பதான் மஹ்மூத் காக்கா நடுவால கோட்டப் போட்டாரு. 'கதை அந்தப் பக்கம் ஈக்கட்டும், இந்தப் பக்கத்துச் சோறு இவங்கட' எண்டாரு. நாங்க நாலு பேரும் அதைத்தான் திண்டோம்."

ஹபீல் கிழவரின் பக்கம் திரும்பினான்.

"அப்ப ஏன் காக்கா முப்பத்தஞ்சு வருஷமா நீங்க இத ஒருத்தருக்கும் சொல்லல்ல?" என்று ஹபீல் கேட்டான்.

கிழவர் தாடியைத் தடவினார். அவர் முகத்தில் வெட்கம் எதுவும் தெரியவில்லை. "இவரு சொன்ன கதைதான் மகன் கேக்க நல்லா ஈந்திச்சி. நானும் ரெண்டு மூணு இடத்துல அப்பிடித்தான் சொல்லிட்டேன்."

இந்த ஒரு பதில் ஹபீலுக்கு எலும்பையும் நகத்தையும்விட அசிங்கமாக இருந்தது. இந்த மனிதர் மூத்தாப்பா காத்துக்கொடுத்த சோற்றைத் தின்று, கையைக் கழுவி, வெளியே போய், அந்தக் கையாலேயே கோடு இழுத்து நக்கிக் காட்டியிருக்கிறார். கேட்க நன்றாக இருந்ததற்காக. எதிரேயிருந்த மாமாவைவிட, ஒற்றைப் பல்லோடு சிரிக்கிற இந்தச் சாதுவான கிழவரிடமிருந்து தள்ளி உட்கார வேண்டும்போல் அவனுக்கு இருந்தது.

மாமாவின் முகம் கறுத்தது. "பழைய கதைய விடுங்க. நான் வரச்சொன்னது இவருட கையப் பாக்க. சம்பந்தம் வேணுமெண்டா சகன்ல ஈக்கிறத முடிக்கட்டும்." பிறகு, வேண்டுமென்றோ வயதாலோ, நெஞ்சின் அடியிலிருந்து ஒரு இருமலை எழுப்பினார். அது மேலே வந்தது. வாயைப் பொத்தவில்லை. ஏதோ பச்சையும் வெற்றிலைச் சிவப்புமாக ஒரு துளி, வெள்ளைச் சோற்றின் மேல், நடுவிலிருந்து கொஞ்சம் அவர் பக்கமாக விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பக்கத்துச் சோற்றைச் சுண்டுவிரலால் இழுத்து அதன் மேல் மூடினார். மூடிய பிடியை அப்படியே ஹபீலின் பக்கம் தள்ளத் தொடங்கினார்.

"திண்டுங்க மகன்."

ஹபீலின் கை சோற்றின்மேல் இருந்தது. எடுத்தால் றமீலாவுக்கு வாழ்வில்லை. எடுக்காவிட்டால் அந்தப் பிடி வந்து விரலில் தொடும். அது வருவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் அங்குலம். அரை அங்குலம்.

குறுக்கே ஒரு விரல் இறங்கியது. தடித்த விரல், நகத்துக்குள் துருக் கறுப்போடு. சகனின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரைக்கும், அடித்தகரம் தெரிய, அது சோற்றை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. மாமா தள்ளிய பிடி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"அங்கால ஒங்கட, மாமா" என்றான் சாஹுல் ஹமீது. காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது. "இங்கால விருந்தாளிட."

பேசிவிட்டு, கையிலிருந்த நெய் வீணாகக் கூடாதென்று பழக்கத்தில் விரலை நக்கிக்கொண்டான்.

பெரியதம்பி காக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. ஸெய்னுலாப்தீன் எழுந்தார். பாதிச் சாப்பாட்டில் சகனை விட்டு எழுவதைப்போல அவமரியாதை வேறில்லை. அதைத் தெரிந்தேதான் எழுந்தார். "இந்தச் சம்பந்தம் நடக்காது!" என்று கூவினார். "கோடுபோட்டான் ஊட்டுக் காத்து பட்டே என்ட மருமகனும் கெட்டுட்டான்!"

உள்கதவின் திரை அசைந்தது. மாப்பிள்ளையின் தாய் சித்தி றலியாவின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது, சமையலறையில் உப்புப் பார்த்துச் சொல்கிற குரல்.

"நடக்கும் நானா. நீங்க கையக் கழுவுங்க."

"நீ உள்ளுக்குப் போ!"

"உள்ளுக்குத்தானே ஈக்கிறன். இருபது வருஷமா நீங்க திண்ட சகன உள்ளுக்கு இருந்து கழுவுறவ நான். மிச்சச் சோத்தக் கோழிக்குப் போட்டா கோழியும் முகத்தத் திருப்பிக்கிது." திரை ஒருதரம் காற்றில் உப்பி அடங்கியது. "கெண்டியில தண்ணி ஈக்கி. முஹைதீன் காக்கா, அந்தப் புள்ளட உம்மாக்குச் சொல்லுங்க, எங்களுக்குச் சம்மதம்."

மாமா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். கை கழுவவில்லை. ஹபீல் அதையும் பார்த்தான். பார்த்ததும், இதுவரை பல்லைக் கடித்து உள்ளே வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. பின்வாசல் எங்கே என்று கேட்காமலே ஓடினான்.

வாழைகளுக்கு நடுவில் குனிந்து அவன் முடித்தபோது பக்கத்தில் கெண்டி நீண்டது. சாஹுல் ஹமீது தண்ணீர் ஊற்றினான். ஹபீல் வாயைக் கொப்புளித்தான், முகத்தைக் கழுவினான், மறுபடி கையைக் கழுவினான், மூன்றாந்தரமும் கழுவினான். மற்றவன் அலுக்காமல் ஊற்றினான்.

"ஒங்கட சோத்த இப்பிடி..." என்று ஹபீல் தொடங்கினான்.

"எனக்கும் சின்ன வயசுல வாரதான். பொறகு பழகிட்டு" என்றான் சாஹுல் ஹமீது.

பழகிவிட்டது என்பதைக் கேட்டு ஹபீல் மறுபடியும் கையைத் தண்ணீருக்கு நீட்டினான். இப்படியொன்றுக்கு மனிதர் பழகுகிறார்கள், பழகிய வாயால் கதையும் கேட்கிறார்கள் என்று நினைத்தான். முன்பக்கத்தில் வேலிப்படலை சாத்துகிற சத்தம் கேட்டது. பெரியதம்பி காக்காவும் மருமகனும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கிழவரின் நடையில் என்றுமில்லாத வேகம்.

"அஸர் தொழுகைக்கு முந்திக் கதை கடைத்தெருவுக்குப் போயிரும்" என்றான் சாஹுல் ஹமீது அவர்களைப் பார்த்து. "நாளைக்கு நானும் கோடுபோட்டான்தான். ஈரலுக்காகச் சொந்த மாமாக்கே போட்டவன் எண்டுதான் சொல்லுவாங்க."

"நீங்க உண்மையச் சொல்லலாமே?"

"ஆருக்கு?" அவன் கெண்டியை வாழையடியில் கவிழ்த்தான். "அவர் துப்பினத நான் வெவரமாச் சொல்லவேணும். கேக்கிற மனிசர் சோறு திண்டு முடிச்சி வரவேணும். மாமாட கதை அப்பிடியில்ல மச்சான். எந்நேரமும் சொல்லலாம்."

ரயிலில் வரும்போது ஹபீல் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே வந்தான். முஹைதீன் பெண்வீட்டுக்கு நல்ல செய்தி கொண்டுபோகிற பெருமையில் தூங்கிப்போனார். காற்று எவ்வளவு அடித்தும் நெய் மணம் கையை விட்டுப் போகவில்லை. அதற்கு அடியில் இன்னொரு மணம் இருப்பதுபோலவும், அதைத் தன்னைத் தவிர வேறெவரும் உணர மாட்டார்கள் என்பதுபோலவும் அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, சவுக்காரம் போட்டு முழங்கைவரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்தான். ஆஸியா உம்மா முஹைதீனின் வாயால் சம்மதத்தைக் கேட்டு, முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். றமீலா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

ஹபீல் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மூத்தாப்பா என்ன செய்தார் என்று சொன்னான். பெருச்சாளியைச் சொன்னான், நகத்தைச் சொன்னான், அந்தத் துளியையும் சொன்னான். அந்த வீட்டில் அவள் கழுவப் போகிற சகன் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். வேண்டாம் என்று அவள் சொன்னால் நாளைக் காலையிலேயே கம்பளைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரவும் தயாராக இருந்தான்.

"கோடு போட்டாரா?" என்று றமீலா கேட்டாள். "ஆரு, அவரா? அந்த மாமாக்கா?"

"ஓ. சகன் அடி தெரிய."

அவள் கதவு நிலையை விட்டு முன்னால் வந்தாள். "போட்ட பொறகு அந்த விரல என்ன செஞ்சாரு?"

சொல்லாமல் விடலாமா என்று ஹபீல் யோசித்தான். "நக்கினாரு" என்றான்.

"சீ!"

றமீலா முக்காட்டை முகத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. முக்காடு விலகியபோது கண்கள் ஈரமாக இருந்தன, மூக்கு மட்டும் அருவருப்பில் சுருங்கியிருந்தது, அவனுடைய மூக்கைப் போலவே.

"கம்பளைக்குச் சொல்லியனுப்புங்க நானா" என்றாள். "எனக்குச் சம்மதம். ஆனா அந்தக் கிழவன் திண்ட சகன நான் கழுவ மாட்டன். மாமியும் இனிக் கழுவத் தேவையில்ல. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."